குதிரைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவன்

லியெபாயாவில் டிராமுக்கு ஒரே தடம்.
கடைசி நிறுத்தத்தில் வண்டி ஏழு நிமிடம் நிற்கும்.
அந்த ஏழேழு நிமிடங்களில்தான்
தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பக்கங்களையும் வாசித்தேன்,
கையுறையைப் பல்லால் உருவிப் போட்டுவிட்டு.

பீட்ரூட் விற்பவளிடம் எடைக்கு வாங்கிய புத்தகம்.
முதுகில் மருத்துவமனைப் பிளாஸ்திரி.
இருநூறு வருடமாக மனிதர்களைச் செம்மைப்படுத்திவரும் நூல்
என்றது முன்னுரை.
எனக்கு நாற்பத்தொன்பது.
செம்மைப்பட நிறைய பாக்கி இருந்தது.

சிவப்புப் பென்சில் வாங்கினேன்.
நாயகன் கோபத்தை விழுங்கிய இடத்தில் கோடு போட்டேன்.
ஞாயிற்றுக்கிழமை ஷிப்டை என் தலையில் கட்டிய
பணிமனை ஓயார்ஸிடம் நானும் விழுங்கினேன்.
மூன்று நாள் நெஞ்செரிச்சல்.
நாயகன் தன் மேலங்கியைக் கழற்றிக் கொடுத்தான்.
என்னுடையதைக் கீழ்வீட்டு ஸேல்மாவுக்குக் கொடுத்தேன்.
நவம்பரில் அதை விற்றுவிட்டாள்.
ஏட்டுச் சுரைக்காய், குந்தேகா, என்று சிரித்தான் ஓயார்ஸ்,
கறிக்கு ஆகாது.

அறுநூற்று மூன்றாம் பக்கம், பாலம், பனி.
தம்பியைக் கொன்றவன் எதிரே நிற்கிறான்.
வாளை உறையில் போட்டுவிட்டு
நாயகன் அவனை மன்னிக்கிறான்.
அழுகையில் அடுத்த நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.
இரண்டு பேர் கையைக் காட்டித் திட்டினார்கள்.

அன்று மாலையே
ஸ்கைத்ரீத்தேயின் நாலாவது மாடிக்கு ஏறினேன்.
பதினோரு வருடமாகப் பேச்சில்லை;
அம்மாவின் வீட்டைத் தன் பெயருக்கு
எழுதி வாங்கிக்கொண்டவள்.
படிக்குப் படி வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன்.
கதவு ஒரு சாண் திறந்தது.
"உன்னை மன்னிச்சுட்டேன்" என்றேன்.
சங்கிலியைக் கழற்றாமலே கேட்டாள்:
"எதுக்கு?"

அதற்கு நூலில் பதில் இல்லை.

பென்சிலைத் தொலைத்துவிட்டு
இரண்டாம் முறை வாசித்தது பிப்ரவரியில்.
கடலோரக் காற்று கம்பியை ஆட்டிக்கொண்டிருந்தது.
மீண்டும் பாலம். மீண்டும் பனி.
இம்முறை அரை வரி ஒன்று கண்ணில் பட்டது:
ஒருவன் குதிரைகளைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவ்வளவுதான். பெயர் இல்லை.
மன்னித்தவனும் மன்னிக்கப்பட்டவனும்
பதினான்கு பக்கம் பேசுகிறார்கள்,
விதியைப் பற்றி, வானத்தைப் பற்றி.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும்.
இரண்டு குதிரைகள். உறைந்த கடிவாளம்.
கையுறை இருந்ததா அவனுக்கு?
அடுத்த அத்தியாயத்தில் விருந்து நடக்கிறது.
குதிரைகள் லாயத்தில் இருக்கின்றன.
அவனைக் காணோம்.

அவன்தான் நான் என்று முதலில் நினைத்தேன்.
சொகுசாக இருந்தது அந்த நினைப்பு.
மணியடித்து, கதவை மூடி,
பாலத்தைத் தாண்டும்போதுதான் உறைத்தது.

அம்மா மூன்று குளிர்காலம் படுத்திருந்தாள்.
மாதத்துக்கு ஒரு ஞாயிறு நான் கேக்கோடு போவேன்.
கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
வாழ்க்கையைப் பற்றி அழகாகப் பேசுவேன்.
அம்மாவுக்குக் கண் நிறையும்.
அந்த நேரம் ஸ்கைத்ரீத்தே
குளியலறையில் எதையோ அலசிக்கொண்டிருப்பாள்.
தண்ணீர்ச் சத்தம் கேட்கும்.
கதவைச் சாத்தச் சொல்வேன்.

மறுபடி போனபோது
என்னிடம் வசனமும் இல்லை, கேக்கும் இல்லை.
கதவு விரியத் திறந்திருந்தது.
அம்மாவின் அலமாரி
பாதி வாசலில், பாதி படிக்கட்டில்.
மறுமுனையில் அவள் தலை மட்டும் தெரிந்தது.
யார் என்று பார்த்தாள்.
"அந்தக் காலைப் பிடி" என்றாள்.

பிடித்தேன்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது.
ஸ்பேனர் எடுத்து வருகிறேன் என்று
மேலே ஏறிப் போனாள்.
போனவள் அவசரப்படவில்லை.
மேலே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது,
பிறகு கெட்டில்.
ஜன்னல் உடைந்த மாடிப்படி அது.
பாரம் முழுக்க என் பக்கம் சாய்ந்திருந்தது.

கையுறைகள் டிராமிலேயே கிடந்தன.